பைண்டிங் போட்ட காமிக்ஸைப் பிரிக்கலாமா, வேண்டாமா?

#1 கீழவாசல்காரன்

வணக்கம். நான்கைந்து வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை கீழவாசலில் இருக்கிற ஓட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு அய்யர் பங்களா பக்கம் ஓர் அடுக்குமாடிக்குப் போகிறோம். வைகாசி பிறப்பதற்குள் சாமான் எல்லாம் இடம் மாறியாக வேண்டும். இங்கே பரண், கட்டிலடி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இருட்டு அறை என்று எங்கே கை வைத்தாலும் என் பெட்டிதான். மகள் டேப் வைத்து அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அங்கே உங்களுக்கு ஒரே ஒரு பீரோதான் அப்பா."

இருப்பது இவ்வளவு. பைண்டிங் போட்ட காமிக்ஸ் 14 வால்யூம், ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு புத்தகம். பெரும்பகுதி முத்து காமிக்ஸ். லயன் காமிக்ஸும் திகில் காமிக்ஸும் சேர்ந்து நாலு வால்யூம், இந்திரஜால் ஒன்று. அப்புறம் பைண்டிங் போடாத தனிப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி. பொம்மைகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய.

எனக்கு 58 வயது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது எனக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியை முதலில் பார்த்தது மூன்றாம் வகுப்பில், தெருமுனை சலூனில். முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு அப்பாவிடம் வாங்கிய குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு காசு சேர்த்துச் சேர்த்து வாங்கியவைதான் இத்தனையும். அக்காவும் அவ்வப்போது எடுத்துப் படிப்பாள்.

1987 வாக்கில், கிழிய ஆரம்பிக்கிறதே என்று புது மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கணக்கு நோட்டு, பத்திரக் கட்டு எல்லாம் கட்டுகிற பெரியவர். குத்தூசியால் ஓரத்தில் ஓட்டை போட்டு, சணல் நூல் கோத்து, பசை தடவி, முதுகில் காலிகோ துணி ஒட்டி, கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் ஒரே வெட்டு. வெட்டின ஓரம் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். அன்றைக்கு எனக்கு அது பெரிய கௌரவம். பின்னட்டைகள் தடிமனாக இருக்கிறது என்று சிலவற்றை அவரே கிழித்துப் போட்டுவிட்டதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

இப்போது கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார். படம் அனுப்பினேன். "பைண்டிங் என்றால் பாதி விலைகூடக் கிடையாது சார். நூலை அறுத்துத் தனித்தனியாகக் கொடுங்கள், அப்புறம் பேசலாம்" என்கிறார்.

பிரிக்கலாமா? பிரித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 சட்டித்தலையன்

அண்ணே, முதலில் கத்தியைக் கீழே வையுங்கள்.

நான் ஆறேழு வால்யூம் வாங்கியிருக்கிறேன், ஒன்றைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். நூலை அறுத்தால் தனிப் புத்தகம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வருவது தனிப் புத்தகம் இல்லை. இடது ஓரத்தில் நாலைந்து ஓட்டை, முதுகில் பசைக்கட்டி, மற்ற மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு அளவு குறைந்த ஒரு கட்டு. சில கட்டத்தில் வசனத்தின் கடைசி எழுத்தே மெஷினோடு போயிருக்கும். வெட்டின ஓரம் திரும்ப முளைக்குமா?

வெளிநாட்டில் பழைய காமிக்ஸுக்கு மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. 0.5 முதல் 10 வரை மதிப்பெண். ஓரம் வெட்டிய புத்தகம் என்று கண்டுபிடித்தால் உறை மேலேயே அதைக் குறித்துவிடுவார்கள், விலை தரைக்கு வந்துவிடும். பிரித்தாலும் நீங்கள் அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள். ஆக, பிரிப்பதில் லாபம் கோவைக்காரருக்கு. 14 வால்யூமிலிருந்து நல்லதாகப் பத்துப் புத்தகம் பொறுக்கிக்கொண்டு மீதியை உங்கள் தலையில் கட்டுவார்.

எந்தெந்த எண் என்று பட்டியல் போடுங்களேன். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த காலத்து முத்து இருந்தால் எனக்குத் தூக்கமே வராது.

#3 உசிலம்பட்டி வண்டி

இந்திரஜால் வால்யூமை எனக்குக் கொடுத்துவிடுங்கள் அண்ணே. பிரிக்க வேண்டாம், துடைக்கக்கூட வேண்டாம். வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

#4 பழங்காகிதம்

நூலகத்தில் பழைய புத்தகங்களோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். விலைக் கணக்கு எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும்.

காமிக்ஸ் அச்சடித்த தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மட்டரகத் தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் அதில் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பாகும், அமிலம் ஏறும், கடைசியில் மடித்தால் அப்பளம் மாதிரி ஒடியும். மதுரை வெயிலில் எல்லாமே வேகமாக நடக்கும். ஆனால் கீழவாசல்காரர் வால்யூமைத் திறந்து பாருங்கள். ஓரம் பழுப்பாக இருக்கும், உள்ளே போகப் போக வெளுப்பாக இருக்கும். ஏன்? அழுத்திக் கட்டியதால் காற்று உள்ளே போகவில்லை. உங்கள் பெரியவர் அந்த மூன்று வெட்டு வெட்டிப் புத்தகத்தைக் கெடுத்தார், அதே பைண்டிங்கால் நாற்பது வருடம் காப்பாற்றியும் வைத்திருக்கிறார். இரண்டும் உண்மை.

பிரிப்பதில் இருக்கிற ஆபத்து இது: ஓரத்தில் குத்தித் தைத்த பைண்டிங் விரிந்து கொடுக்காது. தாள் ஒடிகிற பதத்துக்கு வந்திருந்தால், நூலை இழுக்கும்போதே தையல் வரிசையில் கோடு போட்ட மாதிரி கிழியும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால், எழுத்தில்லாத ஒரு மூலையை லேசாக மடித்து நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று முறைக்குள் ஒடிந்தால் அந்த வால்யூமைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பைண்டிங் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். முதுகுப் பக்கம் உள்ளே லேசாகப் பச்சை ஓடியிருந்தால் அதுதான். விஷம். தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னாதீர்கள். (தின்பீர்கள் என்று தெரியும்.)

தகரப் பெட்டியில் இருக்கிற தனிப் புத்தகங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கும். துரு தாளைத் தின்றுகொண்டே போகும். பின்னின் காலை உட்பக்கமிருந்து மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், பதிலுக்கு வெள்ளைப் பருத்தி நூலால் இரண்டு தையல் போதும். செலோடேப் கூடவே கூடாது. அந்தப் பசை ஐந்தாறு வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. உறை வாங்கினால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன் வாங்குங்கள். நோட்டுக்கு அட்டை போடுகிற பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி ஓடுகிறது என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியில் வையுங்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துவிடும்.

புது வீட்டில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற பரண் மட்டும் வேண்டாம். சித்திரையில் அது அடுப்பு.

#5 கணக்குப்பிள்ளை

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறீர்கள், நான் கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938 ஜூன் தேதியிட்டது, பத்து சென்ட் விலை. 2024 ஏப்ரலில் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் சுமார் 50 கோடி ரூபாய். அதைச் செய்தியில் பார்த்துவிட்டு என் மைத்துனர் வீட்டுப் பரணில் ஏறிவிட்டார்.

அந்த விலை ஏன் வந்தது? அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் எல்லாம் போர்த் தேவைக்கென்று வீடு வீடாகச் சேகரித்தார்கள். மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். அந்த முதல் இதழில் இன்றைக்கு நூறு பிரதி போல மிச்சமிருக்கலாம் என்பது அந்தத் துறையினர் கணக்கு. எல்லோரும் தூக்கிப் போட்டதால்தான் தூக்கிப் போடாதவனுக்கு விலை.

இதைப் புரிந்துகொள்ளாமல் 1992-ல் ஒரு கூத்து நடந்தது. சூப்பர்மேன் இறக்கிற இதழைக் கறுப்பு உறையில் சீல் வைத்து விற்றார்கள். ஆளுக்கு ஐந்து பத்து என்று வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள், பிள்ளையின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று. லட்சக்கணக்கான பேர் பத்திரமாக வைத்த பொருளுக்கு யார் விலை கொடுப்பது? முப்பது வருடம் கழித்தும் பெரும்பாலான பிரதிகள் சில்லறைக் காசுக்குத்தான் போகின்றன. அந்தக் கிறுக்கு அடங்கின கையோடு, 1996 கடைசியில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது.

நம் ஊரில் அம்மாக்களுக்குப் பதில் பழைய பேப்பர்காரர். கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டுத் தள்ளிவிட்டோம், அதனால்தான் 70-களின் முத்து அபூர்வம். 2013 ஜனவரியில் 400 ரூபாய்க்கு வந்த முத்து காமிக்ஸ் நெவர் பிஃபோர் ஸ்பெஷலை ஆளுக்கு இரண்டு வாங்கிப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதைப் பேரன் விற்று வீடு கட்டுவான் என்று எண்ணாதீர்கள்.

கீழவாசல்காரருக்கு என் யோசனை: மொத்தமாக, பைண்டிங்கோடு, ஒரே ஆளுக்கு. பொறுக்க விடாதீர்கள்.

#6 கூர்மண்டை

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, சூப்பர்மேனைப் பற்றிச் சொன்னீர்கள், ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தச் சூப்பர்மேனைப் படைத்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு பல வருடம் வழக்கு, வறுமை என்று அலைந்தவர். 60-களில் அவர் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். எந்தக் கதை? நம்ம ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதன் இல்லை, கூர் காதும் கூர் மண்டையுமாக, திருடனாகத் தொடங்கித் திருடர்களையே வேட்டையாடப் போனாரே, அவர்.

80-களில் லயனில் ஸ்பைடர் வந்தபோது மதுரையில் என் வகுப்பில் பாதிப் பேர் ஓவிய நோட்டில் அந்த மண்டையைத்தான் வரைந்து வைத்திருந்தோம். எழுதியவர் சூப்பர்மேனின் தகப்பன் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெரியார் நிலையத்துக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட புத்தகத்தில் யார் பெயரைப் பார்த்தோம்?

அங்கே வாரம் இரண்டு பக்கமாகத் தொடராக வந்ததை இங்கே ஒரே புத்தகமாகப் படித்தோம். அதனால் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பள்ளத்தில் விழுவார்கள். சின்ன வயதில் அதுதான் கதையின் வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

லயன் வால்யூமில் கோடை மலர் ஏதாவது இருக்கிறதா அண்ணே?

#7 உசிலம்பட்டி வண்டி

மாயாவி மாயாவி என்கிறீர்களே, எந்த மாயாவி? நான் ராணி காமிக்ஸ் பையன். ஒன்றரை ரூபாய்க் காலம். எங்களுக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவர், மோதிரத்தால் குத்தினால் தாடையில் மண்டை ஓட்டு முத்திரை விழும். கம்பிக் கை வைத்துக்கொண்டு கரண்டில் கை விடுகிற ஆள் இல்லை.

#8 சட்டித்தலையன்

அவர் வேதாளர்! லீ ஃபாக் 1936-ல் உருவாக்கியவர். ராணியில் பெயரை மாற்றி வைத்தால் ஆள் மாறிவிடுவாரா? மாயாவி என்றால் லூயிஸ் கிராண்டேல் ஒருவர்தான். வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்தி, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியுமே, அவர்தான் மாயமாகிறவர், அவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். உங்கள் ஆள் ஊதா உடையில் ஊரே பார்க்க வருகிறார், அவர் எப்படி மாயாவி?

#9 உசிலம்பட்டி வண்டி

சாவே இல்லாத மாயாவி என்று காட்டுக்குள் நம்புகிறார்களே தம்பி. அது போதாதா?

#10 கீழவாசல்காரன்

சண்டை போடாதீர்கள், இரண்டு பேரும் என் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார்கள்.

பழங்காகிதம் அம்மா சொன்ன மூலைச் சோதனையை நேற்று ராத்திரி செய்தேன். எட்டு வால்யூம் தாங்குகிறது. ஐந்து ஒடிகிறது. ஒன்றில் சோதிக்கவே தேவையில்லை, திறந்ததும் மேசையெல்லாம் துகள். கோடை மலர் இருக்கிறது, கூர்மண்டை. அட்டை இல்லை.

பொம்மைப் பெட்டியையும் திறந்தேன். ஹீ-மேன் நாலு, ஜி.ஐ. ஜோ ஏழு. என் தங்கச்சி பையன்கள் விளையாடிவிட்டு விட்டுப்போனவை சில, நானாக வாங்கியவை சில. தூர்தர்ஷனில் ஹீ-மேன் ஓடிய காலத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, சித்திரைப் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற சாக்கில் எனக்கும் ஒன்று வாங்கிக்கொள்வேன். இப்போது பார்த்தால் ஜோக்களில் மூன்று பேர் இடுப்போடு இரண்டாகக் கிடக்கிறார்கள். ஹீ-மேன் ஒருவருக்குக் கால்கள் தொளதொளவென்று ஆடுகின்றன. எல்லாமே பிசுபிசுப்பு. பூச்சி வராமலிருக்க அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன்.

#11 தகரப்படகு

அந்துருண்டையா! ஐயோ அண்ணே. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உருண்டை பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். உடனே வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் கூடாது. பிசுபிசுப்பு இரண்டு காரணத்தால் இருக்கலாம். அந்துருண்டை ஒன்று. மிருதுவான பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கலக்கிற எண்ணெய் நாளாக ஆக வெளியே கசியும், அது இன்னொன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போகும். மறுபடி வரும், மறுபடி தேய்க்க வேண்டும். ஸ்டிக்கர் இருக்கிற இடத்தில் தண்ணீர் படக்கூடாது. பொம்மைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

ஜோக்கள் இரண்டாகக் கிடப்பது உடைந்ததால் இல்லை. நெஞ்சையும் காலையும் உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம்தான் பிடித்து வைத்திருக்கும். அது இத்துப்போய் அறுந்திருக்கும். முதுகில் ஒரே ஒரு திருகாணி இருக்கும், கழற்றினால் மார்பு இரண்டாகத் திறக்கும். பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் ரிப்பேர் சாமான் கடைக்குப் போய் அதே அளவில் ஓ-ரிங் கேளுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். பம்புக்கு என்று சொல்லிவிடுங்கள், பொம்மைக்கு என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். திருகாணியை ரொம்ப முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். ஹீ-மேனுக்கும் இடுப்புக்குள் ரப்பர்தான், ஆனால் அவரைத் திறப்பது சிரமம், தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

ஜோக்களின் முதுகையும் காலையும் நன்றாகப் பாருங்கள், தயாரித்த நாடு பெயர் அச்சு இருக்கும். நம் ஊர் ஃபன்ஸ்கூல் தயாரித்த ஜோக்களைத் தேடி அமெரிக்காவிலிருந்தே ஆள் வருகிறார்கள், ஏனென்றால் அங்கே இல்லாத நிறச் சேர்க்கை இங்கே வந்தது. ஹீ-மேன் இங்கே லியோ மேட்டல் தயாரித்தது என்றால் அதற்கும் தனிக் கூட்டம் இருக்கிறது. அட்டையோடு இருந்தால்தான் பெரிய விலை, அதை நாம் எல்லோரும் கிழித்துப் போட்டுவிட்டோம்.

#12 கூர்மண்டை

பழங்காகிதம் அம்மா, விற்காமல் நூலகத்துக்குக் கொடுத்தால் என்ன? நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அவ்வளவு பெரிதாக நிற்கிறதே.

#13 பழங்காகிதம்

கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்பேன். நூலகத்தின் வேலை புத்தகத்தை வாசகர் கையில் கொடுப்பது. ஒடிகிற தாளை நூறு பிள்ளைகள் புரட்டினால் ஆறு மாதம் தாங்காது. பழைய அச்சுப் பொருளைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கிற இடம் வேறு.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற தொழில். நாற்பது வருடம் போலப் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று விடாமல் சேர்த்தார். அந்தக் காலத்தில் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்றைக்குத் தமிழ் அச்சைப் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே போகாமல் இருப்பது அபூர்வம்.

ஆனால் அவர் எதையும் ஓரம் வெட்டியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான், கீழவாசல்காரரே.

#14 கீழவாசல்காரன்

குத்துங்கள் குத்துங்கள், குத்தூசி என் வீட்டில்தானே இருக்கிறது.

தாங்குகிற எட்டில் ஒன்றைப் பிரித்துத்தான் பார்ப்போமே என்று இன்று காலை உட்கார்ந்தேன். 4-ஆம் வால்யூம். முதுகுத் துணியை ஈரப் பஞ்சால் ஊற வைத்து உரித்தேன், முடிச்சை மட்டும் வெட்டி நூலை ஒவ்வொரு ஓட்டையாக உருவினேன். முக்கால் மணி நேரம் ஆனது. முதல் புத்தகம் கையோடு வந்தது. உள் ஓரத்தில், இத்தனை நாள் பைண்டிங் கவ்விப் பிடித்திருந்த அந்த அரை அங்குலத்தில், ஒரு பச்சைத் தடம். மயில்துத்தம் என்று பயந்து கையைக் கழுவிவிட்டு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

துத்தம் இல்லை. கலர் பென்சில். கறுப்பு வெள்ளைப் படத்தில் மாயாவி மறைந்திருக்கிற கட்டங்களில் கை மட்டும்தானே தெரியும்? அந்தக் கைக்கு மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை அடித்திருக்கிறது. கோட்டைத் தாண்டாமல், விரல் விரலாக. உள் ஓரத்தில் பென்சிலைச் சீவித் தேய்த்துப் பார்த்த தடம்தான் நான் பார்த்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அக்கா பெயர், தேதியோடு. 1977. கலர் அடித்த பக்கங்கள் எனக்குத் தெரியும், பலமுறை படித்ததுதான். ஆனால் அதை நான் அடித்தேன் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லுக்கு போன் போட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அக்கா கேட்டது: "அதை விற்கப் போறியா? யாரைக் கேட்டு?"

#15 சட்டித்தலையன்

ஆகா. இது இப்போது சொத்து வழக்கு.

#16 கணக்குப்பிள்ளை

கலர் அடித்த பிரதிக்கு விலையே கிடையாது என்று அக்காவிடம் சொல்லிப் பாருங்கள்.

#17 கீழவாசல்காரன்

சொன்னேனே. சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. எதிர் வீட்டுப் பூக்கார அம்மாவுக்கு அக்கா சாயங்காலம் மல்லிகை கட்டிக் கொடுப்பாள். முழத்துக்கு இவ்வளவு என்று சில்லறை கிடைக்கும். அந்தச் சில்லறையைத் தீப்பெட்டியில் போட்டு வைத்து என்னிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பியது அவள்தானாம். பெண் பிள்ளை தனியாகப் பஸ் நிலையம் பக்கம் போகக்கூடாது என்பதால் வாங்கி வருகிற வேலை மட்டும் என்னுடையது. "காசு சேர்த்துச் சேர்த்து வாங்கியவை" என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன் அல்லவா, அதை மகள் போனிலேயே அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். "சேர்த்தது யார் காசு" என்று ஒரே கேள்வி. தீப்பெட்டி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எப்போதும் மல்லிகை வாசம் அடிக்கும்.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வந்தாள். இரண்டு பெரிய கட்டைப்பை கையில். 14 வால்யூமையும் திண்ணையில் வரிசையாக அடுக்க வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் கலர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். கலர் இருந்தது எல்லாம் அவள் பக்கம். ஆறு வால்யூம். இந்திரஜாலும் போய்விட்டது, உசிலம்பட்டி மன்னிக்க வேண்டும், அதில் முகமூடிக்காரருக்கு ஆரஞ்சு மீசை வரைந்து வைத்திருக்கிறாள். பிரித்துப்போட்ட 4-ஆம் வால்யூமைப் பார்த்துவிட்டு நான் ஏதோ அவள் ஜடையை அறுத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். திண்டுக்கல்லில் ஒரு பைண்டர் இருக்கிறாராம், மறுபடி கட்டிக்கொள்கிறாளாம். இந்த முறை ஓரம் வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கோவைக்காரரிடம் பாதி இல்லை என்று சொன்னதும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மீதி எட்டு. அதில் ஐந்து ஒடிகிற ரகம், ஒன்று துகள். ஆக நல்லபடியாக இருப்பது இரண்டு, இரண்டும் லயன். இவை பீரோவுக்குள் போகட்டும். தகரப் பெட்டியில் பின் எடுக்கிற வேலை நடக்கிறது, 31 புத்தகம் முடிந்தது. ஜோக்களில் இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள். ஓ-ரிங் கடையில் பம்புக்கு என்றுதான் சொன்னேன், எந்த பம்பு என்று திருப்பிக் கேட்டார்கள்.

#18 கூர்மண்டை

அட்டை இல்லாத கோடை மலர் எந்தப் பக்கம் போனது அண்ணே?

#19 கீழவாசல்காரன்

என் பக்கம்தான். ஆனால் திங்கட்கிழமை வரை பொறு தம்பி, கடைசிப் பக்கத்தில் ஏதோ சிவப்பாக இருந்த மாதிரி இருக்கிறது என்று அக்கா போன் செய்திருக்கிறாள்.